கயிற்றைப் பிடிக்கிற கை

ஸ்கூபா பயிற்சிக்குப் பணம் கட்டியதும் ஒரு மருத்துவப் படிவத்தைத் தருகிறார்கள். ஆம், இல்லை என்று குறி போட வேண்டிய கேள்விகள். 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாகச் சில வரிகள் உண்டு: புகைப்பழக்கம் உண்டா, கொழுப்பு அதிகமா, ரத்த அழுத்தம் உண்டா, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது 50 வயதுக்குள் இதயநோய் வந்ததா. நம் ஆட்களில் இந்த நான்குக்கும் கூசாமல் 'இல்லை' போடக்கூடியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். என் அப்பா 48 வயதில் மாரடைப்பில் போனார். எனக்கு இப்போது 46.

எல்லாம் 'இல்லை' என்றால் கையெழுத்து போதும். இந்த வரிகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். உண்மை சொன்னால் செலவும் அலைச்சலும், பொய்க்கு ஒன்றுமில்லை. யாரும் சரிபார்க்கப் போவதுமில்லை. விசா படிவத்தில் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தோம் என்பதுவரை நாள் தவறாமல் எழுதுகிறவர்கள் நாம். எதிரில் ஓர் அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது என்ற பயம் அது. இங்கே எதிரில் யாருமில்லை.

"எல்லாத்துக்கும் 'இல்லை' போடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார் நண்பர் ஒருவர். உடம்பு என்னுடையது, ஆபத்தும் என்னுடையது, இதில் மற்றவர்களுக்கு என்ன வேலை என்பது அவர் வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. உப்பைக் குறைக்காமல் சாப்பிடுகிறவரிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை.

ஆனால் கடலுக்குள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். கழுத்தளவு நீரில் நிற்கும்போதே கால்களில் உள்ள ரத்தம் மார்பை நோக்கி ஏறி, இதயத்துக்கு வேலை கூடுகிறது. முதல்நிலைச் சான்றிதழ் அனுமதிக்கும் 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே நான் மயங்கினால் என்னை மேலே கொண்டுவர வேண்டியவர் ஜோடிதான். அவர் பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் அவருடைய நுரையீரலே கிழியலாம். என் பொய்யில் பணயம் வைக்கப்படுவது இரண்டு உடம்பு.

நாங்கள் போகவிருக்கும் இடம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தைச் சேர்ந்த போனேர் தீவு. 1979 முதல் அதைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. சாலையோரத்து மஞ்சள் கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். வழிகாட்டி இல்லாதபோது நீருக்கடியில் எனக்கென்று இருக்கப்போவது ஒரே ஆள். பதினாறு வயதான என் மகள்.

முத்துக்குளிப்பில் மேலே கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவரின் மச்சானாக இருப்பார் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக்கூடாதே என்று பிடி தளராமல் இருப்பாராம். பாசத்துக்கு உதாரணமாகத்தான் இதைச் சொல்வது வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மச்சானுக்கு அந்த உடம்பைத் தெரியும். நேற்று காய்ச்சலா, எவ்வளவு நேரம் மூச்சு தாங்கும் என்று தெரிந்த கை அது.

நம் வீடுகளில் நோயை மறைப்பது பொய்க்கணக்கிலேயே சேராது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்கும் வந்த பிறகுதான் நமக்கு போன் வரும்: "நீ பதறுவியேன்னு சொல்லலை." அன்புதான். ஆனால் விமானம் ஏறுவதா வேண்டாமா என்று நாம் எடுக்க வேண்டிய முடிவை நமக்காக எடுத்துவிட்ட அன்பு. அதற்காக எத்தனை முறை கோபப்பட்டிருக்கிறோம். மகளிடம் மறைத்தால் நானும் அதையேதான் செய்கிறேன்.

'ஆம்' என்று குறி போட்டேன். மருத்துவர் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்து ஒப்புதல் தந்தார். அவர் கையெழுத்தோடு படிவத்தின் கேள்வி முடிந்தது. என் கேள்வி முடியவில்லை. மகளிடம் தாத்தா எப்படிப் போனார் என்பதையும், எனக்குக் கொழுப்பு அதிகம் என்பதையும், கீழே என்ன நடக்கலாம் என்பதையும் சொன்னேன். தெரிந்துகொண்ட பிறகு அவள் சம்மதிப்பது உண்மையான சம்மதமா? அப்பா ஆசையாகத் திட்டம் போட்ட பயணத்தை எந்தப் பதினாறு வயதுப் பெண் வேண்டாம் என்பாள்? மறைப்பது அவள் முடிவைப் பறிக்கிறது என்றால், சொல்வது அவள் தோளில் பாரத்தை ஏற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் சுத்தமான இடம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

முதல் மூன்று நாளுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். நண்பருக்கு இது வீண்செலவு. அதன்பின் நாங்கள் இருவர் மட்டும் இறங்குவதா என்பதை அவள் அங்கே முடிவு செய்யட்டும்; காரணம் கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் குளத்தில், களைத்த ஆளை இழுத்துச் செல்லும் பயிற்சி. சட்டையில் காற்று நிரப்பி என்னை மல்லாக்கப் போட்டு 25 மீட்டர் இழுத்தாள். கரையைத் தொட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, அலை இருந்தா இது எப்படி?" பயிற்சியாளரிடம் போய்க் கேட்டோம்.