வழியையும் சேர்த்து அனுப்புங்கள்

தெரியாததைக் கேட்பது குறையல்ல. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இரவு பத்து மணி. படிவம் நான்கு கூடுதல் கணிதம் மசிய மறுக்கிறது. பாகான் நக்கோடா ஓமார் போன்ற சிற்றூரில் அந்த நேரத்துக்கு எந்த ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டுவது? கணக்கைப் படம் பிடிக்கிறீர்கள். முகம் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு புலனக் குழுவில் போடுகிறீர்கள். கீழே ஒரே வரி: "அவசரம், விடை வேண்டும்."

விடை வந்துவிடும். ஆனால், அதோடு சரி.

முகம் தெரியாதவரிடம் கணித மேதை ராமானுஜனும் கேட்டார். 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதற்கு முன் வேறு இரண்டு அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்தும் பயனில்லை. சோர்ந்துவிடாமல் மூன்றாமவருக்கு எழுதினார்.

வெறுங்கையோடு அவர் கேட்கவில்லை. தாம் கண்டுபிடித்த தேற்றங்களைத் தாள் தாளாக எழுதி இணைத்தார். அவருக்குத் தேவை விடையல்ல. தம் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள்.

ஹார்டி வியந்தார். ஆனாலும் பிப்ரவரி 8 அன்று எழுதிய பதிலில் நிறுவல்களைக் கேட்டார். ராமானுஜனிடமே வழியைக் காட்டச் சொன்னார் என்றால், நாம் எம்மாத்திரம்? எஸ்.பி.எம். தேர்வின் கணிதத் தாளும் அதைத்தான் சொல்கிறது: முக்கியமான படிகளைக் காட்டுங்கள், புள்ளி கிடைக்க அது உதவும்.

"விடை என்ன?" என்று கேட்டால் ஒருவர் பதில் சொல்வார். "மூன்றாம் வரியில் அடைப்புக்குறியை நீக்கியதும் கழித்தல் ஏன் கூட்டலானது?" என்று கேட்டால் ஒருவர் பாடமே நடத்துவார். முதல் கேள்வி இன்றைய வீட்டுப்பாடத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது தேர்வு மண்டபம்வரை கூட வரும்.

தப்பான வரியைத் திருத்தலாம். வெற்றுத் தாளில் எதைத் திருத்துவது?

அதனால் இன்று கணக்கை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்கள் போட்டுப் பார்த்த வரிகளையும் அனுப்புங்கள். எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று சொல்லுங்கள். பதில் வந்ததும் பார்த்து எழுதாமல், தாளை மூடிவிட்டு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு அவருக்கு ஒரு நன்றி. உங்களுக்காக நேரம் ஒதுக்கியவர் அவர்.