ரிசர்வில் ஓடும் நாட்கள்

(இதில் சீடன் கேட்பதெல்லாம் ஒரு காலத்தில் நானே என்னைக் கேட்டுக் குடைந்துகொண்டது. குரு சொல்வது, வெகுநாள் கழித்து எனக்குப் பிடிபட்டது. இடம்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணை. நேரம்: சாயங்காலம்.)

சீடன்: ஐயா, சென்னையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரிக்கு நானும் என் நண்பனும் ஒரே புல்லட்டில் போய்வந்தோம். மொத்தம் 9 நாள். முதல் 6 நாள் பயணமாக இருந்தது. கடைசி 3 நாள் கெட்டுப்போயிற்று. மழை இல்லை, வண்டி படுத்தவில்லை, கையில் காசும் இருந்தது. பிறகு ஏன் கெட்டது?

குரு: எந்த இடத்தில் தொடங்கிற்று?

சீடன்: தனுஷ்கோடியில். அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமடித்து, வந்த வழிக்கே திரும்பிவிடுகிறது. நடுவிலிருக்கும் தூணைச் சுற்றி வண்டியைத் திருப்பினேன். பின்னாலிருந்து அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் முட்டியது. "இன்னும் மூணு நாள்தான்டா" என்றான். மறுவாரம் அவன் கனடாவுக்கு விமானம் ஏற வேண்டும். அதன்பின் சாயல்குடிப் பனங்காடு கண்ணில் படவில்லை, மணப்பாட்டுக் கடலும் படவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்ற எண்ணிக்கைதான் ஓடியது. உவரியில் சண்டையே வந்துவிட்டது.

குரு: எதற்கு?

சீடன்: 410 ரூபாய்க்கு. டீக்கடை பெஞ்சில் பெட்ரோல் ரசீதுகளை எடுத்து அடுக்கினான். சட்டைப்பை வியர்வையில் மேல் ரசீது எழுத்தழிந்து ஈரமாக இருந்தது. அதை விரலால் நீவி நீவிப் படித்துக் கூட்டி, "உனக்கு நான் நானூத்திப் பத்து தரணும்" என்றான். இருபது வருஷத்தில் ஒருநாளும் கணக்குப் பார்க்காதவன். எனக்குச் சுரீர் என்றது.

குரு: இருக்கட்டும். வழியில் ரிசர்வ் விழுந்ததா?

சீடன்: விழுந்தது ஐயா. திரும்பும்போது, காவல்கிணறு பக்கம். இரண்டு புறமும் காற்றாலை. ஆடிக்காற்று வண்டியைச் சாய்த்துத் தள்ளுகிறது. வண்டி இரண்டு தரம் திணறியது. குனிந்து டேப்பைத் திருப்பினேன், ஓடிவிட்டது.

குரு: டேப்பைத் திருப்பியதும் இன்ஜினுக்குப் போன பெட்ரோல் எது?

சீடன்: அதே டேங்கில் இருந்ததுதான். ரிசர்வுக்கென்று தனி டேங்க் கிடையாதே.

குரு: அவ்வளவுதான் விஷயம். டேப்பிலிருந்து டேங்குக்குள் ஒரு குழாய் உயர்ந்து நிற்கிறது. பெட்ரோல் அதன் வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி திணறுகிறது. ரிசர்வுக்குத் திருப்பினால் அடியிலிருக்கும் துளை திறக்கிறது. பங்கு ஒன்று, விலை ஒன்று, வேகமும் ஒன்றே. மாறியது ஓட்டுகிறவன் மனம் மட்டும். அதுவரை சாலையைப் பார்த்தவன் இப்போது டேங்கைப் பார்க்கிறான். உன் கடைசி 3 நாளும் முதல் 6 நாளும் ஒரே டேங்க்.

சீடன்: புது வண்டிகளில் அந்த டேப்பே இல்லையே ஐயா, விளக்குதானே எரிகிறது?

குரு: எரியட்டும். மேலே கேள்.

சீடன்: முடிவு தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

குரு: நீ வண்டி திருப்பிய ஊரையே கேட்டிருக்கலாமே. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் வாரிக்கொண்டு போயிற்று. ஊரும் அந்தப் புயலோடு போயிற்று. அங்கிருந்தவர்களுக்குத் திணறல் கிடைக்கவில்லை. இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டதே என்று குறைப்படுகிறாய். வண்டி திணறுவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்வதற்கு.

சீடன்: அப்படியானால் மரணத்துக்கும்...

குரு: அது இன்னொரு நாள்.

சீடன்: சரி ஐயா. ஆனால் ஒன்று. பெட்ரோல் அதேதான் என்றீர்கள். மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் எப்படி ஒன்றாகும்? கசடெல்லாம் அடியில்தானே கிடக்கிறது? ரிசர்வில் போட்டால் சில வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றேவிடும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. பள்ளிக்கூடக் காலத்துப் பொறாமை, அவன் அக்கா கல்யாணத்துக்கு நான் போகாதது, இந்த 410 ரூபாய் எல்லாம் அந்த 3 நாளில்தான் மேலே வந்தது. முதல் 6 நாளில் ஒரு துரும்பும் வரவில்லை.

குரு: கேட்க வேண்டியதைக் கேட்டாய். இதை விரித்துத்தான் சொல்ல வேண்டும். கசடு அங்கே எப்படிப் போயிற்று? டேப்பைத் திருப்பிய நொடியில் யாரும் கொட்டவில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் துளித்துளியாக வந்தது. டேங்கின் உட்சுவர் துருவாக உதிர்ந்தது. மூடி வழியே கசிந்த மழைத்தண்ணீர், பெட்ரோலைவிடக் கனம் என்பதால், அடியில் போய் உட்கார்ந்தது. டேங்க் நிறைந்திருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. அக்கா கல்யாணத்துக்குப் போகாத குறை உவரியில் பிறந்ததா? அது எத்தனையோ வருஷமாக உங்களோடு வண்டியில் வந்துகொண்டிருந்தது. கடைசி நாட்கள் அதைக் காட்டின, உண்டாக்கவில்லை. எப்போதும் பாதி டேங்கிலேயே நிரப்பிக்கொள்கிறவன், தன் வண்டியில் கசடே இல்லை என்று நினைப்பான். அவன் டேப்பை ஒருநாள் கழற்றிப் பார்த்தால் தெரியும். மெக்கானிக் அந்தச் சல்லடையைக் கழுவி மாட்டுகிறானே தவிர, கசடு இருக்கிறது என்று வண்டியை எடைக்குப் போடுவதில்லை.

410 ரூபாய்க்கு வருவோம். கடன் பாக்கி இருந்தால் அதைத் தரவாவது அவன் திரும்பி வருவான் என்று உனக்குள் ஓர் ஆசை. பாக்கி வைத்துவிட்டுப் போனால் போன இடத்தில் உறுத்தும் என்று அவனுக்கு. இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்: பிரிவு. நீ கோபமாக்கினாய், அவன் கூட்டல் கணக்காக்கினான்.

திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் நட்புக்கு. ஆராய்ந்து பழகுவதற்கு ஒன்று, பழைமைக்கு ஒன்று, தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் ஒவ்வொன்று. நண்பர் பிரிவுக்கு மட்டும் தனி அதிகாரம் இல்லை. பிரிவாற்றாமை 116-ஆம் அதிகாரம். அது காமத்துப்பாலில் இருக்கிறது. வள்ளுவர் மறந்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. காதலுக்குக் கூடியிருத்தல் வேண்டும். நட்பு அதை நம்பி நிற்பதில்லை. புலவர் பிசிராந்தையாரை எண்ணிப் பார். அவர் பாண்டிய நாட்டுப் பிசிரில், கோப்பெருஞ்சோழன் உறையூரில். பார்த்ததே இல்லை. சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், இடம் ஒதுக்குங்கள் என்றான். வந்தார், அவரும் வடக்கிருந்தார். அவர்களுக்கு முதல் 6 நாள் என்று ஒன்று இல்லவே இல்லை. கையில் கிடைத்ததே ரிசர்வ்தான். அதைக் குறை என்று யாராவது பாடினார்களா? ஆகையால் கடைசி நாள் என்பது காலத்தின் ஒரு வகை அன்று. காலத்தைப் பார்க்கும் பார்வையில் ஒரு வகை. அந்தப் பார்வையையும் வெறுக்க வேண்டியதில்லை. திணறல் கேட்டால் டேப்பைத் திருப்பு, திருப்பியபின் கண்ணைச் சாலைக்குக் கொண்டுவா. சாலையில் பனை இருந்தது, கடல் இருந்தது, காதருகே அவன் குரல் இருந்தது...

(இந்த இடத்தில் குரு பேச்சை நிறுத்தி, ஆறிப்போன காபியைப் பார்த்தார். சீடன் வெகுநேரமாக ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.)

குரு: சரி, பங்கில் டேங்கை நிரப்பினாயே, டேப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பினாயா?

சீடன்: மறந்துவிட்டேன் ஐயா. மதுரையில் டீ குடிக்க நின்றபோது அவன்தான் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குனிந்து திருப்பி வைத்தான்.

குரு: திருப்பாமல் விட்டிருந்தால்?

சீடன்: அடுத்த முறை திணறாமலே நடுரோட்டில் நின்றிருக்கும்.

குரு: வந்து நாலு மாசம் ஆகிறது. அவனோடு எத்தனை தரம் பேசினாய்?

சீடன்: இரண்டு தரம் கூப்பிட்டான். குரலைக் கேட்டால் தாங்காது என்று எடுக்கவில்லை.

குரு: இப்போது அங்கே மணி என்ன?

சீடன்: டொரண்டோவில் காலை ஏழரை இருக்கும்.

குரு: எழுந்திருப்பான். வாசலுக்குப் போய்ப் பேசு. திண்ணையில் சிக்னல் கிடைக்காது.