யாருக்காக இந்த வலிமை?

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் கூட்டேரிப்பட்டு. மயிலத்திற்குச் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. முருகன் கோயிலுக்குச் செல்வோரும், வேலைக்குச் செல்வோரும், பேருந்து மாறுவோரும் இறங்கி ஏறும் இந்தக் கூட்டுச் சாலையில், மாதத்தில் இரண்டு ஞாயிறுகளில் விடியற்காலையிலேயே பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் வந்து வரிசையாக நிற்பதுண்டு. சென்னையிலிருந்து சிலர், புதுச்சேரியிலிருந்து சிலர், திண்டிவனத்திலிருந்து சிலர். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் ஊர்திகளை வைத்திருப்போரின் கழகத்தார் அவர்கள். தேநீர் அருந்திவிட்டு, சாலையை விட்டிறங்கி, கல்லும் மணலும் சேறும் நிறைந்த இடங்களைத் தேடிச் செல்வது அவர்களது பொழுதுபோக்கு.

அவர்களுள் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கத் தம்பதியர் ஒருவர் உண்டு. கணவர் பொறியாளர், மனைவி பள்ளி ஆசிரியை. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஜீப்பைச் சேற்றில் புரட்டுவதா என்று உறவினர் கேட்டனர். ஞாயிற்றுக்கிழமையில் இது தகுமா என்று பங்கு மக்கள் கேட்டனர். ஊரில் எத்தனையோ பேர் மிதிவண்டிக்கும் வழியில்லாமல் இருக்கையில் இந்த ஆடம்பரம் எதற்கு என்று ஒரு முதியவர் நேரிலேயே கேட்டார். இக்கேள்விகளை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பொழுதுபோக்கு என்பது அறநெறிக்கு அப்பாற்பட்ட வெற்றிடமா? அல்லது அங்கும் மனச்சான்றுக்கு வேலை உண்டா?

முதலில் நியாயத்தை நியாயமாகச் சொல்லிவிடுவோம். விளையாட்டை அதனளவிலேயே பாவமெனத் திருச்சபை கொள்வதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூய தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் இதைப் பற்றித் தனியாகவே ஆராய்கிறார். அங்கு அவர் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறார். திருத்தூதர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பு எய்யுமாறு யோவான் பணித்தார். பல முறை எய்த பின், இடைவிடாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவினார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றார் அந்த மனிதர். மனித உள்ளமும் அப்படியே என்றார் யோவான். வேலைக்குப் பின் உடலுக்கு ஓய்வு வேண்டுவது போல், உள்ளத்திற்கு விளையாட்டு வேண்டும் என்பது அக்குவினாரின் முடிவு. தாமும் மகிழாமல், பிறர் மகிழ்வதையும் பொறுக்காமல் இருப்பதை அவர் குறையாகவே கருதுகிறார்.

ஞாயிறு கடனைப் பற்றியும் தெளிவு உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247-ஆம் விதி, ஆண்டவரின் நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உள்ளத்திற்கும் உடலுக்கும் தேவையான ஓய்வையும் கெடுக்கும் வேலைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆக, ஓய்வும் அந்நாளுக்கு உரியதே. அடுத்த விதியின்படி, முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறுகிறது. நம் தம்பதியர் சனி மாலைத் திருப்பலியைத் தவறவிடுவதில்லை. வாரம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்க்க நேரமில்லாத இல்லறத்தில், ஒரு பகலை இருவரும் ஒன்றாகக் கழிப்பது ஆடம்பரம் அல்ல. பல குடும்பங்களில் இன்று அது மருந்து.

இந்தப் பயணங்கள் அவர்களுக்குக் கற்றுத் தந்தவை என்னை வியப்பில் ஆழ்த்தின. பாறை மேட்டில் வண்டி ஏறும்போது, ஓட்டுபவருக்கு எதிரே வானம் தெரியுமேயன்றித் தரை தெரியாது. சக்கரம் எந்தக் கல்லின்மேல் நிற்கிறது என்பதை, கீழே இறங்கி முன்னே நிற்பவர்தான் அறிவார். அவர் கையசைவைப் பார்த்தே ஓட்ட வேண்டும். "முதல் ஆறு மாதம் எங்களுக்குள் சண்டைதான்," என்றார் அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே. "நான் நிறுத்தச் சொல்வேன், இவர் நிறுத்தமாட்டார். ஒரு நாள் வண்டி சாய்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்." இப்போது இருவரும் மாறி மாறி ஓட்டுகின்றனர். ஓட்டும் நேரத்தில் தனக்குத் தெரியாதது மற்றவருக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வது, எத்தனை தியானங்களில் சொன்னாலும் இல்லறத்தில் எளிதில் கைகூடாத பாடம்.

மற்றொன்று, மணலைக் கடக்கும் முறை. மணலில் புதையாமல் செல்ல வேண்டுமானால் டயரின் காற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க வேண்டும். விறைப்பான டயர் மணலைக் குடைந்து இறங்கிவிடும். தளர்ந்த டயர் அகலமாகப் படிந்து, பாரத்தைப் பரப்பிச் சுமக்கும். செங்குத்தான ஏற்றத்தில் சிறு கியரைப் போடுவர். சக்கரம் மெதுவாகச் சுழலும். இழுக்கும் விசையோ பெருகும். அங்கே வலிமை வேகத்தில் இல்லை. இன்னொரு விதி: எவரும் தனியே செல்வதில்லை; கடைசி வண்டி கரையேறும்வரை முதல் வண்டி காத்திருக்கும். சிக்கியவரை இழுகயிறு கட்டி மீட்பது இழிவாகக் கருதப்படுவதில்லை. இன்று மீட்பவர் நாளை மீட்கப்படுவார் என்பதை அங்கு எல்லோரும் அறிவர்.

இவ்வளவும் நல்லதே. ஆயினும் அக்குவினார் விளையாட்டிற்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறார். அது தீங்கானதாய் இருத்தலாகாது. உள்ளத்தின் நிதானத்தைக் குலைத்தலாகாது. ஆளுக்கும் காலத்திற்கும் இடத்திற்கும் பொருந்த வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம் தம்பதியர் இடறினர்.

ஒரு மழைக்காலத்திற்கு முந்திய ஞாயிறு. கூட்டேரிப்பட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். வற்றிய ஏரியில் இறங்கி விளையாடிய வண்டிகள், வெளியேறும்போது ஏரிக்கரையின்மேல் ஏறி இறங்கின. கரையின் சரிவில் ஆழமான இரு தடங்கள் விழுந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். அவர் ஏசவில்லை. "தம்பி, இது உங்களுக்கு விளையாட்டு. எங்களுக்கு இந்தக் கரைதான் சோறு" என்று மட்டும் சொன்னார். தம்பதியர் வருத்தம் தெரிவித்துவிட்டுப் புறப்பட்டனர். தடங்கள் அங்கேயே இருந்தன.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு அந்தப் பெரியவரின் சொல் விளங்கும். மண்கரையில் விழும் ஒரு தடம், மழைநீர் ஓடுவதற்கு வாய்க்காலாகிறது. ஓடும் நீர் மண்ணை அரித்து அதை ஆழமாக்குகிறது. ஏரி நிரம்பும் நாளில் கரை தன் நலிந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். இதே கதை வேறு இடங்களுக்கும் பொருந்தும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, கோடையில் காண்பவருக்கு வெறும் பொட்டல் வெளியாகவே தோன்றும். ஐயாயிரம் எக்டேருக்கும் மேற்பட்ட அந்த நீர்நிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. நம் கடற்கரை மணலில் தை மாதம் முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. சக்கரம் அழுத்திய மணலுக்குள் முட்டைகள் நசுங்கும். தப்பிப் பொரித்த குஞ்சுகள் சக்கரத் தடத்தில் விழுந்து கடலை அடைய வழியின்றித் தவிக்கும். வெற்றிடம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீடு, அல்லது யாரோ ஒருவருடைய சோறு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றுமடல், படைப்பு முழுவதையும் நம் பொது இல்லமாகக் காணச் சொல்கிறது. பொது இல்லத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. சாலையற்ற இடத்திலும் செல்ல முடியும் என்பதால், எங்கும் செல்லலாம் என்று ஆகிவிடாது.

பின்னர் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 வந்தது. அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்குப்படி மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் பதிவான மழை 51 சென்டிமீட்டர். திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் ஏரிகள் நிரம்பி வழிந்தன. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூர் அருகே நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன.

புயல் கரையைக் கடந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் தயங்கினார். காற்று உறிஞ்சும் குழாய்க்குள் நீர் புகுந்தால் எஞ்சின் அத்தோடு போய்விடும். ஓடும் வெள்ளத்தில் வண்டியே புரளலாம். மனைவி கேட்டது ஒன்றே: "ஏங்க, இத்தனை ஞாயிறு பழகினது எதுக்குங்க?" கழகத்தாருள் அருகில் இருந்த வேறு இருவருடன் புறப்பட்டனர். குடிநீர், பால், ரொட்டி, அரிசி ஏற்றிச் சென்றனர். இழுத்தோடும் நீரில் இறங்குவதில்லை என்ற விதியை அன்றும் மீறவில்லை. தேங்கிய நீரிலும், சேற்றிலும், சாலை அரிபட்ட இடங்களிலும் மட்டும் சென்றனர். ஆசிரியை நீண்ட கோலால் ஆழம் பார்த்தபடி முன்னே நடந்தார். கணவர் அவர் கையைப் பார்த்தே ஓட்டினார். படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவரையும், கைக்குழந்தையோடு ஒரு தாயையும் நெடுஞ்சாலை வரை கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களைவிட அதிகம் செய்தவை ஊராரின் டிராக்டர்கள் என்று அவர்களே சொல்கின்றனர்.

அன்று மாலை அவர்கள் சென்ற ஊர்களுள் அந்த ஏரிக்கரை ஊரும் ஒன்று. கரையில் ஓரிடத்தில் நீர் கசியத் தொடங்கியிருந்தது. ஊரார் மண்மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். முன்பு தடம் விழுந்த இடத்திற்கு அருகில்தான் அந்தக் கசிவு. தடத்தினால்தான் கசிந்ததா, வேறு காரணமா, எவராலும் சொல்ல இயலாது. அந்தப் பெரியவரும் அங்கே இருந்தார். அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மூட்டையைப் பிடிங்க தம்பி" என்றார். இருட்டும்வரை மூட்டை சுமந்தார் நம் பொறியாளர். கரை நின்றது. "அவர் திட்டியிருந்தால்கூட அன்றிரவு தூங்கியிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியரைப் பற்றி நாம் பேசும்போது, அவரது இரக்கத்தைப் பேசுகிறோம். எண்ணெயையும் திராட்சை மதுவையும் பேசுகிறோம். அவர் ஏறிவந்த விலங்கை மறந்துவிடுகிறோம். அது இல்லையேல் குற்றுயிராய்க் கிடந்தவர் சாவடிக்கு வந்து சேர்ந்திருப்பாரா? அந்த விலங்கைச் சமாரியர் இதற்காக வாங்கியிருக்கமாட்டார். தம் பயணத்திற்காக வாங்கியிருப்பார். காயமுற்றவரைக் கண்டதும் அதன் பயன் மாறியது. அடிபட்டவர் மேலே ஏறியபோது, அதன் உரிமையாளர் கீழே இறங்கி நடந்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஜீப்பின் வரலாறும் இப்படித்தான். 1941-இல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய போர் ஊர்தி அது. 1947 முதல் மகிந்திரா நிறுவனம் அதை நம் நாட்டில் பொருத்தித் தந்தது. பின்னர் அது சாலையில்லாத ஊர்களுக்கு அரசு அலுவலரையும் மருத்துவரையும் ஏற்றிச் சென்றது. போருக்காகப் பிறந்த பொருள் பணிக்கு வந்தது. பணிக்கு வந்தது இன்று விளையாட்டிற்கு வந்திருக்கிறது. பொருளுக்குத் தனக்கென ஓர் அறம் இல்லை. ஏறி அமர்பவரே அதன் மனச்சான்று.

இங்கு இன்னொன்றையும் நினைக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று மக்களை மீட்டனர். அவர்களுக்குப் படகு விளையாட்டுப் பொருள் அல்ல, பிழைப்பு. பிழைப்பையே பணயம் வைத்தவர்கள் இருக்க, பொழுதுபோக்கிற்கென வாங்கியதைக் கொடுக்கத் தயங்குவோருக்கு என்ன சாக்கு உண்டு?

ஆகவே, தம்பதியரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு என் விடை இது. அவர்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. தவறு, கரையின்மேல் ஏறியதில் இருந்தது. அதைவிட, தடத்தை மூடாமல் திரும்பியதில் இருந்தது. விளையாட்டில் நாம் பெறும் வலிமையும் திறமையும் நமக்கு மட்டும் உரியவை அல்ல. அயலாரின் பாதை உடையும் நாளில் அவை அவருக்குச் செலுத்த வேண்டிய கடனாகும். அந்தக் கடனை ஒப்புக்கொள்பவரின் விளையாட்டில் அடக்கம் இருக்கும்.

நம்மில் பெரும்பாலோரிடம் ஜீப்பு இல்லை. ஆனால் ஓய்வு நேரத்தில் நமக்கென வளர்த்துக்கொண்ட ஏதோ ஒன்று எல்லோரிடமும் உண்டு: இசையோ, சமையலோ, வாசிப்போ, உடல்வலிமையோ. அதை நாம் எங்கே ஓட்டக் கூடாது? யாருக்காக ஒரு நாள் அதிலிருந்து இறங்கி நடப்போம்?

இப்போதும் அந்தத் தம்பதியர் ஞாயிறுதோறும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது கூட்டேரிப்பட்டில் தேநீர் அருந்தக் காண்கிறேன். மழைக்காலம் தொடங்குமுன் கழகத்தார் சிலரோடு அந்த ஏரிக்கரைக்குச் சென்று, ஊரார் காட்டும் இடங்களில் மண் நிரப்பிவிட்டு வருகின்றனர். கரையின்மேல் வண்டியை ஏற்றுவதில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, மண்கூடையோடு நடந்து ஏறுகின்றனர்.