அன்றைய இரவு யார் பொறுப்பு?

காலையில் அனுமதி, மதியம் முழங்காலில் ஆர்த்ரோஸ்கோப்பி, மாலையில் வீடு. கிழிந்த ஜவ்வைச் சரிசெய்ய இரண்டு மூன்று சிறு துளைகள் போதும். ஆனால் இரவில் மரப்பு விலகி வலி ஏறும். மூட்டுக்குள் செலுத்திய உப்புநீர் இரத்தம் கலந்து கசிந்து கட்டு சிவக்கும். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதோ என்று மனம் பதறும்.

உடலை அறுத்தவர்கள் இந்தப் பதற்றத்தைத் தணிக்கவும் கடமைப்பட்டவர்களா?

பாலி நூல்களில் புத்தர் சொன்ன உவமை ஒன்று உண்டு. அம்பு தைத்தவனுக்கு உடல்வலி முதல் அம்பு என்றால், அதை எண்ணிக் கலங்கும் மனவலி இரண்டாவது அம்பு. பக்குவப்பட்டவருக்கு முதல் அம்பு மட்டுமே தைக்கும். உயர்ந்த போதனைதான், ஆனால் மயக்கம் முழுதும் தெளியாத ஒருவரிடம் அந்தப் பக்குவத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வயிற்றுப்போக்கில் கேட்பாரற்றுக் கிடந்த துறவியை ஆனந்தரோடு சேர்ந்து கழுவிப் படுக்க வைத்தவரும் அதே புத்தர். மற்றத் துறவிகளைக் கூட்டிப் பேசியது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது அம்பைச் செவிலியரால் பிடுங்க முடியும். “ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க” என்ற சொல்லுக்கு அந்த வலு கிடையாது, உண்மைக்கு உண்டு. பாஸ்டனில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு வயிற்றில் அறுவை செய்துகொண்ட 97 பேரைப் பற்றியது. எங்கே வலிக்கும், எப்படித் தசையைத் தளர்த்திக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டறிந்தவர்களுக்கு வலிமருந்து ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டது.

முழங்காலுக்கும் இப்படித்தான் பேச வேண்டும். மரப்பு எப்போது விலகும், மாத்திரையை அதற்கு முன்பே ஏன் போட வேண்டும், எவ்வளவு கசிவு இயல்பு என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்கக் கூடாது என்பதையும் மறைக்கக் கூடாது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தவர் மற்றவற்றுக்குப் பயப்பட மாட்டார். மயக்க மருந்தின் தாக்கத்தில் கேட்டது பலருக்கு மறந்துவிடும் என்பதால், கூட வந்தவருக்கும் சொல்லி, எழுதியும் கொடுப்பது அவசியம்.

கிளாஸ்கோவில் குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிய ஜேம்ஸ் நிக்கோல், அப்படிச் செய்த ஏறத்தாழ 9,000 அறுவைகளைப் பற்றி 1909-இல் எழுதினார். அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்குச் செவிலியர் சென்று கவனித்தார்கள். சீக்கிரம் அனுப்பும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செவிலியரை விட்டுவிடும் மருத்துவமனை, தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது. செவிலியரை வீட்டுக்கு அனுப்ப முடியாவிட்டால் அன்றிரவே அழைக்க ஓர் எண்ணும், மறுநாள் காலை செவிலியரின் ஒரு தொலைபேசி விசாரிப்புமாவது வேண்டும். அதற்கான நேரத்தை அவர்களின் பணிநேரத்திலேயே நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும்.