வேட்டைக் கருவியும் வாங்குவோன் வேட்கையும்

மனிதன் கடைக்குச் செல்வது பொருள் வாங்குவதற்காக என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அரிசி வாங்கச் சென்றவன் அரிசியுடன் திரும்புகின்றான். அவனது தேவை நிறைவுறுகின்றது. ஆயின், சில கடைகளிலே வாங்குவோன் வாயாற் கேட்கும் பொருளும் அவன் உள்ளம் விழையும் பொருளும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே வேட்டை, மீன்பிடி, மலையேற்றம் ஆகியவற்றுக்கான கருவிகளை விற்கும் பெருங்கடைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அங்குச் செல்வோர் உண்மையில் வேண்டி நிற்பது யாது? அதனை ஒரு கடையாற் கொடுக்க இயலுமா? இயலாதெனின், கொடுப்பதாகக் காட்டுவது குற்றமா? இவை வணிகவியலுக்கு மாத்திரம் உரிய வினாக்களல்ல, அறவியலுக்கும் உரியவை.

இத்தகைய கடைகளின் தொடக்கம் எளிமையானது. மெயின் மாநிலத்துப் பிறீபோர்ட் என்னும் ஊரைச் சேர்ந்த லியோன் லியோன்வூட் பீன் என்பார், வேட்டைக்குச் சென்ற வேளைகளிலே கால்கள் நனைந்து வருந்தியமையால், அடிப்பகுதி இறப்பராலும் மேற்பகுதி தோலாலும் அமைந்த சப்பாத்தொன்றை ஆக்குவித்தார். 1912ஆம் ஆண்டில் அதனை அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். முதலில் விற்ற 100 சோடிகளுள் 90 சோடிகள் தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பின்னர் கடன்பெற்றுச் சப்பாத்தைத் திருத்தியமைத்தார். அவரது கடை வளர்ந்தமைக்கு இச்செயலே அடித்தளம் எனலாம். காட்டின் நடுவே பிரிந்துபோகும் தையல் ஒருவனது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். முறையிடுவதற்கு அங்கே கடையுமில்லை, கடைக்காரருமில்லை. ஆதலின் வாங்குவோனின் முதலாவது வேட்கை நம்பகமாகும்.

இரண்டாவது வேட்கை வழித்துணையாகும். டிக் கபேலா என்பார் 1961ஆம் ஆண்டில், ஈயைப் போல இறகாலும் நூலாலும் கட்டப்பட்ட தூண்டில்முட்களைப் பன்னிரண்டு ஒரு டொலராக விற்க முன்வந்து செய்தித்தாளில் விளம்பரஞ் செய்தபோது ஒரேயொருவர்தான் விடையெழுதினார். பின்னர், அஞ்சற் செலவுக்கு 25 சதம் அனுப்புவோர்க்கு ஐந்து முட்கள் இலவசம் என அறிவித்தார். கட்டளைகள் வந்து குவிந்தன. நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரொன்றின் சமையலறை மேசையிலிருந்து பெரும் நிறுவனமொன்று எழுந்தது. அது அனுப்பிய பட்டியல் நூல்கள், கடையில்லாத ஊர்களில் வாழ்ந்தோரைத் தொலைவிலிருந்த பொருள்களோடு இணைத்தன. பீனின் கடை 1951ஆம் ஆண்டு முதல் இரவும் பகலும் திறந்திருக்கத் தொடங்கியதும், இரவிலே அவ்வழியாற் செல்லும் வேட்டைக்காரரையும் மீன்பிடிப்போரையும் கருதியே. தம் தேவையை அறிந்த ஒருவர், தாமும் அவ்வழியிலே நடந்த ஒருவர், கடையிலே நிற்கவேண்டும் என வாங்குவோர் எதிர்பார்ப்பது இயல்பு.

இவ்விரு வேட்கைகளும் நேர்மையானவை. ஒரு நல்ல கடையால் நிறைவுசெய்யத் தக்கவை. சிக்கல் மூன்றாவது வேட்கையிலேயே தோன்றுகின்றது. ஜோனி மொரிஸ் என்பார் 1972இல் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலே தந்தையாரின் மதுக்கடையில் ஒரு மூலையிலே தூண்டிற் பொருள்களை விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பாஸ் புரோ நிறுவனம் 2017இல் கபேலா நிறுவனத்தையும் தன்வயப்படுத்திக்கொண்டது. அந்நிறுவனம் 2015இல் மெம்பிஸ் நகரிலே, முன்னர் விளையாட்டரங்காக இருந்த மாபெரும் கூர்ங்கோபுரக் கட்டடத்தினுள் கடையொன்றைத் திறந்தது. அதனுள்ளே சதுப்புநிலமும் மரங்களும் உண்டு. நீரிலே மீன்களும் முதலைகளும் உண்டு. பாடஞ்செய்யப்பட்ட விலங்குகள் உயிருள்ளவைபோல் நிற்கின்றன. தங்குவதற்கு விடுதியும் உண்டு. இங்கு விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பது தூண்டிலும் துப்பாக்கியும் மாத்திரமல்ல. காட்டிலே தன்னந்தனியாக நிற்கவல்ல, எதற்கும் அஞ்சாத, தன் கையே தனக்குதவியெனக் கொண்ட மனிதன் என்னும் உருவமும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அலுவலக நாற்காலியிலே வாரமெல்லாம் அமர்ந்திருப்பவன் தேடி வருவது அந்த உருவத்தையே.

இதனை வெறும் ஏமாற்றெனக் கண்டிப்போர் உளர். வோல்டன் குளக்கரையிலே 1845 முதல் இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தனித்து வாழ்ந்த தோரோ, புதிய மனிதனை வேண்டாது புதிய ஆடையை மட்டும் வேண்டும் முயற்சிகளையிட்டு எச்சரித்தார். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவரும் தாமே வேட்டைப் பிரியருமான அல்டோ லியோபோல்ட், 1949இல் வெளிவந்த தமது நூலிலே, கருவிகளின் பெருக்கம் தற்சார்புக்குத் துணையாவதை விடுத்து அதன் இடத்தையே பிடித்துக்கொள்வதாகக் கவலை தெரிவித்தார்.

மறுதரப்பிலும் நியாயமில்லாமலில்லை. கனவு காண்பது குற்றமன்று. பயணத்துக்கு முந்திய ஆயத்தமும் பயணத்தின் இன்பத்திலே ஒரு பகுதியாகும். அன்றியும், 1937ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீது உற்பத்தியாளர் செலுத்தும் 11 வீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கு வழங்கப்படுகின்றது. காட்டுக்குச் செல்லாமலே துப்பாக்கி வாங்குபவனும் காட்டின் வாழ்வுக்குத் தன்னையறியாமற் பங்களிக்கின்றான். எனவே வாங்குவோனை எள்ளி நகையாடுவதாலே வினா தீர்ந்துவிடாது.

கருவி வேறு, ஆற்றல் வேறு என்னும் பாகுபாடே இவ்வினாவுக்குத் திறவுகோலாகும். யாழை வாசித்தே ஒருவன் யாழ் வல்லோனாகின்றான். அவ்வாறே வீரச்செயல்களைச் செய்தே வீரனாகின்றான் என்றார் அரிஸ்டோட்டில். யாழைக் கடையிலே வாங்கலாம். வாசிக்கும் விரலை வாங்க இயலாது. வேட்டையைப் பற்றிச் சிந்தித்த ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்ட்டேகா இ காசெட் இன்னும் ஒருபடி மேலே சென்றார். விலங்கு தப்பிச் செல்வதற்கு இடமிருந்தாலன்றி அது வேட்டையாகாது. மனிதன் தன் மேலாற்றலைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும்போதே வேட்டை பொருளுடையதாகின்றது என்பது அவரது கருத்தின் சாரம். இதனை ஒப்புக்கொள்ளின் வியத்தகு முடிபொன்று பெறப்படும். வாங்குவோன் ஆழத்திலே வேண்டுவது அருமைப்பாட்டை. கடை விற்பதோ அருமைப்பாட்டை நீக்கும் வழிகளை. இருளிலே பார்க்கும் கருவி, மீன் இருக்குமிடத்தைத் திரையிலே காட்டும் கருவி, வழி தவறவிடாத கருவி என ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு செல்பவன், தான் நாடிச்சென்ற ஒன்றை ஒவ்வொரு படியாக இழக்கின்றான். எல்லாவற்றையும் கொடுத்துவிடும் கடை, இறுதியில் அவன் காட்டுக்குச் செல்லும் காரணத்தையே எடுத்துக்கொள்ளும்.

இங்கே இருதரப்பாருக்கும் கடமையுண்டு. கடைக்கு வரம்பு உண்டென்பதனை 2018ஆம் ஆண்டு காட்டியது. புளோரிடாவிலே பார்க்லாண்ட் பாடசாலையிலே 17 பேர் கொல்லப்பட்ட பின்னர், டிக்ஸ் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் போர்த்துப்பாக்கி வகையினவற்றை இனி விற்பதில்லையென அறிவித்தது. கொலைஞன் முன்னர் அந்நிறுவனத்திடம் வேறொரு துப்பாக்கியை வாங்கியிருந்தான். அது அக்கொலையிற் பயன்படவில்லை. சட்டப்படி தவறெதுவுமில்லாதிருந்தும் நிறுவனம் தன்னைத்தானே வினவிக்கொண்டது. வாடிக்கையாளர் சிலர் சினந்து விலகினர். வேறு சிலர் போற்றினர். வேண்டுவோர் வேண்டியதையெல்லாம் கொடுப்பதே வணிகனின் கடமை என்னும் கொள்கை அங்கே கேள்விக்குள்ளாயிற்று.

வாங்குவோனுக்கு வரம்பு உண்டென்பதனையும் அதே ஆண்டு காட்டியது. காலவரையின்றிப் பொருளைத் திருப்பி ஏற்றுவந்த பீன் நிறுவனம் அவ்வுறுதியை ஓராண்டுக்குக் குறுக்கிக்கொண்டது. பழம்பொருளாக வேறிடத்தில் வாங்கியவற்றையும், பல்லாண்டு அணிந்து தேய்ந்தவற்றையும் கொண்டுவந்து சிலர் புதியன கேட்டமையே காரணமாகும். 90 சோடிச் சப்பாத்துகளைத் திருப்பியேற்ற ஒருவரின் நேர்மையிலே தொடங்கிய உறுதி, வாங்கியோர் சிலரின் நேர்மையின்மையாற் குறுகியது. நம்பகத்தை வேண்டுபவன் தானும் நம்பத்தக்கவனாக இருத்தல் வேண்டும். கடையிடம் அறத்தை எதிர்பார்ப்போர் பலர். தம்மிடம் கடை அறத்தை எதிர்பார்க்கலாம் என்பதை எண்ணுவோர் சிலரே.

நியாய விலையிலே நல்ல பனிக்கோடரியைப் பெறுவதற்காக மலையேறுவோர் சிலர் 1938இல் சியாட்டில் நகரிலே ஆர். ஈ. ஐ. என்னும் கூட்டுறவு நிறுவனத்தை அமைத்தனர். அந்நிறுவனம் 2015இல், நன்றி நவிலல் நாளுக்கு மறுநாளான வெள்ளிக்கிழமையன்று, அதாவது ஆண்டின் பெரும் விற்பனை நாளிலே, தன் கடைகளை மூடி, ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுமுறையளித்து, வெளியே செல்லுங்கள் என்று மக்களை அழைத்தது. இதுவும் ஒருவகை விளம்பரமே எனக் கூறலாம், அக்கூற்றிலும் உண்மையுண்டு. எனினும், விளம்பரத்தின் நோக்கம் எதுவாயினும், மூடிய கதவு கூறிய செய்தி பொய்யன்று. வாங்குவோன் தேடும் ஒன்று கடைக்கு வெளியிலேயே உள்ளது.

நனையாத சப்பாத்தையும், பிரியாத தையலையும், பொய்யுரையாத சொல்லையும் கடையிடம் கேட்பதற்கு எவர்க்கும் உரிமையுண்டு. அவற்றைக் கொடுத்த கடை தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. அச்சப்பாத்து எந்தச் சேற்றிலே பதியவேண்டும் என்பதையும், எந்தக் கருவியை வீட்டிலே விட்டுச் செல்லவேண்டும் என்பதையும் வாங்கியவனே தீர்மானித்தல் வேண்டும். புதிய சப்பாத்து அலுமாரியிலேயே பழையதாகுமாயின், குற்றம் தையலினுடையதன்று.