சபூர் யாருடைய கடமை?

துன்பத்தில் இருப்பவரைக் கண்டால் "சபூர் செய்யுங்கள்" என்று சொல்வது நம்மவரின் வழக்கம். சொல்பவருக்கு அதில் செலவு ஒன்றுமில்லை. கேட்பவருக்கோ சில சமயம் அது மேலும் ஒரு பாரம். கொவிட்-19 கொள்ளை நோய்க் காலத்தில், குறையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு நாம் அனுப்பிவைத்தது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைத்தான். அது போதுமா?

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, 56 நாட்கள் நாமெல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். பள்ளிவாசல்கள் மார்ச் 13-லேயே மூடப்பட்டுவிட்டன. ஏப்ரல் 8 முதல் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்கலாயினர். இவை யாவும் தேவையானவையே. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவிய செய்தி கேட்டு, ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்தே தம் கூட்டத்தாருடன் திரும்பிவிடவில்லையா? ஆதலின் கதவை மூடியதைப் பற்றி நாம் வாதிடவில்லை.

நாம் அறிந்த ஒரு வீட்டில், ஆட்டிசம் உள்ள பத்து வயது மகன். காலையில் காலணி, பை, மின்தூக்கி, கீழே வந்து நிற்கும் பள்ளிக்கூடப் பேருந்து. அவன் உலகம் இந்த ஒழுங்கில் நிற்பது. பேருந்து வராத அன்றும் அவன் காலணி அணிந்து கதவருகே நின்றான். அவனுக்கு எதைச் சொல்லி விளக்குவது? பேச்சுப் பயிற்சி அளிப்பவர் திரையில் தோன்றினார். அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. இரவில் கத்தினான், தன் கையையே கடித்தான். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள். முகக்கவசம் ஏப்ரல் 14 முதல் கட்டாயமாயிற்று; அவனோ அதைப் பிய்த்து எறிவான். அவனைக் கீழே அழைத்துச் செல்லத் தாய் அஞ்சினார், அதிகாரிகளைவிட வழிப்போக்கரின் கண்களுக்கு. இரண்டாண்டு முயன்று தானே சட்டை அணியக் கற்றிருந்தான், அதையும் விட்டுவிட்டான். ஆசிரியர் பலர் பகிர்ந்து சுமந்த வேலை முழுதும் ஒரு தாயின் தலையில் விழுந்தது. இடையில் ரமலானும் வந்தது.

மே 24 பெருநாளன்று நாம் தொலைபேசியில் அழைத்தோம். பின்னால் பிள்ளையின் அலறல். தாங்க முடிந்தவருக்கே அல்லாஹ் சோதனையைத் தருகிறான் என்று ஏதோ சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

இறைவன் அடியாருக்கு அளித்த ஆறுதலை, நாம் உதவாமலிருக்கச் சாக்காக்கலாமா? ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஒருவரும் தொழாவிட்டால் ஊரே குற்றவாளி. மாண்டவருக்கு நம்மீதுள்ள உரிமை, உயிரோடு வாடும் ஒரு தாய்க்கு இல்லையென்று சொல்ல மனம் வருமா? பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லும் பொறுப்பைத் தந்தார்கள். தாம் வெளியூர் சென்ற சமயங்களில் மதீனாவையே அவர் பொறுப்பில் விட்டுச் சென்றதும் உண்டு. சமூகத்தின் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தச் சிறுவனுக்கு நம்மிடையே எந்த இடம் கொடுத்தோம்?

சட்டம் தடுத்ததே என்பீர்கள். அந்த 56 நாட்களுக்கு அப்பதில் செல்லும். ஜூன் 19 முதல் ஒரு வீட்டுக்கு ஐவர் வரை விருந்தினராகச் செல்லலாம் என்றார்களே! எங்கெங்கோ சென்றோம், அங்கே செல்லவில்லை. அவன் பொருள்களை எறிவான், நம் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றோம். உண்மையைச் சொன்னால், கொள்ளை நோய்க்கு முன்பும் நாம் சென்றதில்லை. நோய் நமக்கு ஒரு நல்ல காரணத்தைத் தந்தது, அவ்வளவே.

வெகு நாள் கழித்து, கூச்சத்துடன் அத்தாயிடம், பண உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். யாராவது வந்து பிள்ளையோடு சற்று உட்கார்ந்திருந்தால், ஒரு வக்துத் தொழுகையை அவசரமில்லாமல் தொழுதுகொள்வேன் என்றார்.