பழையதும் பழமையும்

தமிழில் ‘பழையது’ என்றொரு சொல் உண்டு. காலத்தால் முற்பட்ட பொருள் எதனையும் அது குறிக்கும். இரவில் நீர் ஊற்றி வைத்து மறுநாட் காலையில் உண்ணும் சோற்றையும் அதுவே குறிக்கும். முதற்பொருளில் அச்சொல்லை ஆளும்போது நம் குரலில் சிறிது இகழ்ச்சி கலந்துவிடுகிறது. இரண்டாம் பொருளில் ஆளும்போதோ, தில்லியின் கோடை வெயிலில் வாடி நிற்பவர் நாவில் நீர் ஊறுகிறது. தள்ளத்தக்கதையும் கொள்ளத்தக்கதையும் ஒரே சொல் குறிப்பது எங்ஙனம்? ஒரு பொருள் எப்போது வெறும் பழையதாய் நின்றுவிடுகிறது? எப்போது போற்றத்தக்க பழமையாய் உயர்கிறது?

இவ்வினாவை நம் உள்ளத்தில் அண்மையில் எழுப்பியது சோறு அன்று. அமெரிக்க நாட்டில் மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியாகும். அது நமக்குத் தொலைவான பொருள்தான். ஆயினும், பிறந்த ஊரை விட்டு வந்து வேற்று மொழி பேசும் நகரில் குடியமர்ந்த நமக்கு, சக்கரத்தின் மேல் அமைந்த வீடு முற்றிலும் அயலானது என்று சொல்லிவிட முடியுமா?

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

ட்ரெய்லர் என்று வழங்கும் இவ்வண்டிக்குத் தனியே இயந்திரம் கிடையாது. உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, மடக்கி வைக்கத்தக்க மேசை உண்டு. விடுமுறை நாட்களில் குடும்பத்தினர் இதனை இழுத்துச் சென்று, காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ நிறுத்தித் தங்குவர். காரில் ஊர் சுற்றி வெளியில் தங்கும் வழக்கம் அங்கே நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1919-ஆம் ஆண்டில் ஃப்ளோரிடா மாநிலத்துத் டாம்பா நகரில் இத்தகைய பயணிகள் கூடி, ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’, அதாவது தகர டப்பாப் பயணிகள், என்று தமக்குத் தாமே நகைச்சுவையாய்ப் பெயரிட்டு ஒரு சங்கம் கண்டனர். காரின் ரேடியேட்டர் மூடியில் தகர டப்பா ஒன்றைப் பொருத்திக்கொள்வது அவர்தம் அடையாளம். ஊரை விட்டு வந்தவர் சங்கம் அமைத்துக்கொள்வது தமிழர்க்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று போலும்!

1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்தார் அல்லவா? அவ்விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ் என்பார், 1934-இல் விமானத்தைப் போன்றே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து ஒரு வீட்டு வண்டியை உருவாக்கினார். அதன் வழியில் 1936-இல் வாலி பயம் என்பார் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். வெள்ளிக் குமிழி போன்ற அதன் வடிவம் பெரிய மாறுதலின்றி இன்றளவும் தொடர்கிறது. அந்நாளைய வண்டிகளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுவோர் இன்று பலர். அவர்களுக்குள் ஓயாது நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. எது உண்மையான ‘விண்டேஜ்’? எது வெறும் பழைய வண்டி?

ஆண்டுக் கணக்கு போதுமா?

விண்டேஜ் என்னும் சொல் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தது. ஓர் ஆண்டின் திராட்சை அறுவடையையும், அவ்வறுவடையிலிருந்து வடித்த மதுவையும் அது குறித்தது. நல்ல மழையும் நல்ல வெயிலும் வாய்த்த ஆண்டின் மது என்பதே அதன் பெருமை. ஆகவே, எத்தனை ஆண்டு கழிந்தன என்பதைவிட, எந்த ஆண்டில் விளைந்தது என்பதே அச்சொல்லின் உயிர்ப்பொருளாய் இருந்தது. இங்கிலாந்தில் 1934-இல் விண்டேஜ் கார்களுக்கெனத் தோன்றிய ஒரு சங்கம், 1930-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட கார்களையே விண்டேஜ் என ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளே வயதான காரும் அவர்களுக்கு விண்டேஜ்! பின்னர் வந்தவற்றில் கைத்திறன் குறைந்துவிட்டது என்பது அவர்கள் கருத்து. வயதன்று, தரமே அவர்தம் அளவுகோல்.

நம் நாட்டில் சட்டம் வேறொரு கோல் கொண்டு அளக்கிறது. 2021-இல் நடுவணரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, அடிச்சட்டமும் உடற்கூடும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாத ஊர்தியே விண்டேஜ் எனப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் தனிக் குறியீடு. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அதனை ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. பழமை என்று முத்திரை பெற்ற அன்றே அப்பொருள் வாழ்க்கையிலிருந்து விலக்கப்பட்டுக் காட்சிக்கு உரியதாகிறது! இவ்விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதில் ஒரு துயரமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

வயதே பழமை என்பார்க்கு ஒரு வண்டி விடை கூறும். 1969 ஜூலை 24-இல் நிலவிலிருந்து மீண்ட ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும், நிலவின் நோய்க்கிருமி எதுவும் பரவிவிடாதிருக்க, ஒரு கூண்டினுள் அடைக்கப்பட்டனர். ஏர்ஸ்ட்ரீம் வண்டியைச் சக்கரமின்றி மாற்றியமைத்துச் செய்த கூண்டு அது. அதன் சன்னல் வழியேதான் குடியரசுத் தலைவர் நிக்சன் அவர்களுடன் உரையாடினார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. அன்று அது பழையதும் அன்று. மூல வடிவில் இருந்ததும் அன்று. எனினும் அது வரலாறு ஆயிற்று. அதனுள் வாழ்ந்த வாழ்க்கையே அதற்குப் பெருமை தந்தது. ஆனால் எல்லா வண்டியிலும் நிலவுக்குச் சென்றவர் தங்குவதில்லை. பெயரறியாக் குடும்பங்கள் தங்கிய வண்டிகளுக்குப் பழமை எங்கிருந்து வருகிறது?

மாறாமையா, மறையாமையா?

சிறிதும் மாறாதிருப்பதே பழமை என்பது மற்றொரு சாராரின் கொள்கை. கேட்பதற்கு இனிது, நடைமுறைக்கு அரிது. இவ்வண்டியின் இயல்பை அறிந்தவர் இதனை நன்கு உணர்வர். மேற்கூடு அலுமினியம், அடிச்சட்டம் இரும்பு, இரண்டிற்கும் இடையே தரையாகக் கிடப்பது ஒட்டுப்பலகை. சன்னல் இடுக்கின் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ரிவெட் துளைகளின் வழியே மழைநீர் கசியும். வெளியே மேனி பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே தரை ஓசையின்றி உளுத்துப்போகும். அதனை முற்றிலும் மாற்ற வேண்டுமாயின் மேற்கூட்டையே தூக்கி நிறுத்த வேண்டும். டயரும் அவ்வாறே. எழுபதாண்டுக்கு முற்பட்ட டயரில் குடும்பத்தை ஏற்றிச் செல்ல எந்தத் தூய்மைவாதியும் துணியார். எரிவாயுக் குழாயும் பிரேக்கும் கூட மாற்றத்தக்கனவே. எதனையும் மாற்றேன் என்பவரின் வண்டி கொட்டகையை விட்டு நகராது. எல்லாவற்றையும் மாற்றினால், அது அதே வண்டிதானா?

கிரேக்கர் கேட்ட கேள்வி இது. வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாய் மாற்றிப் பல காலம் காத்தனர் என்றும், அது அதே கப்பலா என்று அறிஞர் இரு பிரிவாய் வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அதற்கு மேலும் ஒரு முடிச்சிட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றாலேயே வேறொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

ஏட்டில் அவிழாத இம்முடிச்சை நம் ஊர்த் தேர் எளிதில் அவிழ்த்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. பின்னர்ப் புதுத் தேர் செய்தனர். அதுவும் இடையே பல்லாண்டுகள் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் வீதி கண்டது. அது ‘பழைய தேர் அன்று’ என்று வடம் பிடித்தவர் எவரும் கை விட்டதில்லை. எரிந்த செய்தியை எவரும் மறைத்ததும் இல்லை. வீதியும் வடமும் இழுக்கும் கைகளும் தொடர்ந்தன. ஆகவே தேரும் தொடர்ந்தது.

இங்கேதான் அறம் நுழைகிறது. உளுத்த தரையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை இட்டவர், ‘இதனை இந்த ஆண்டில் மாற்றினேன்’ என்று கூறி வண்டியை விற்பாராயின், அவ்வண்டியின் கதையில் ஒரு வரி கூடுகிறது. அதே பலகைக்கு மங்கிய வண்ணம் பூசி, ‘முதல் நாள் முதல் இருப்பது’ என்று கூறி விற்பாராயின், அக்கதை முழுவதும் ஐயத்திற்கு இடமாகிறது. செய்த மாற்றம் ஒன்றே. ஆனால் முன்னது பழுதுபார்த்தல், பின்னது பொய். ஆதலின், உண்மையான பழமையின் இலக்கணம் மாறாமை அன்று, மறையாமை என்போம்.

நடுவில் உள்ள ஆண்டுகள்

மறையாமை போதுமா என்றால், போதாது. காக்கும் கை ஒன்றும் வேண்டும். இதனை நாம் கற்றது நம் குற்றத்தாலேயே.

1986-இல் நம் இல்லத்தில் ஒரு பிரீமியர் பத்மினி கார் வாங்கினோம். தில்லியிலிருந்து கும்பகோணத்திற்கு மும்முறை அதிலேயே சென்றோம். நான்கு நாட் பயணத்தில் அதுவே நம் வீடு. பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்குவர். காலடியில் தண்ணீர்க் கூஜா. மடியில் புளியோதரைத் தூக்கு. ஒரு முறை நாகபுரிக்கு அப்பால் மழையில் வண்டி நின்றுவிட, இரவு முழுவதும் அதனுள்ளேயே அமர்ந்து அம்மா கதை சொன்னார். பிற்காலத்தில் அக்கார் மூலையில் நின்றது. 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் ஊர்திகள் தலைநகரில் ஓடலாகாது என்று 2014-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே நாம் அதனைக் காயலாங்கடைக்கு எடைக்குப் போட்டோம். ஆணையைக் குறை கூறோம். குழந்தைகளின் மூச்சைக் கெடுத்துப் பழமையைக் காப்பது அறமாகாது. ஊருக்கு அனுப்பிக் காத்திருக்கலாம். அதற்கு வழியும் இருந்தது. ‘யார் பார்த்துக்கொள்வது?’ என்ற ஒரு சொல்லால் அவ்வழியை அடைத்தவர் நாமே.

சில ஆண்டுகள் கழித்து நகரில் பழங்கார் அணிவகுப்பு ஒன்றைக் காணச் சென்றோம். நம் பத்மினியின் மூத்த உடன்பிறப்பான ஃபியட் 1100 அங்கே மாலை சூடி நின்றது. மக்கள் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். உடன் வந்த பேரன், ‘நம்மிடம் இதுபோல் ஒன்று இருந்ததாமே தாத்தா, அது எங்கே?’ என்றான். நாம் விடை கூறவில்லை.

அன்று தெளிந்த உண்மை இது. பதினைந்து வயதில் குப்பை. ஐம்பது வயதில் புதையல். இரண்டிற்கும் இடையே உள்ள முப்பத்தைந்து ஆண்டுகளில் அப்பொருளுக்கு விலையும் இல்லை, பெருமையும் இல்லை. அயலார் நகைப்பர், வீட்டார் இடத்தை அடைக்கிறது என்பர். அமெரிக்காவிலும் பழைய வீட்டு வண்டிகள் பல தோட்டத்து மூலையில் கோழிக்கூடாகவும் தட்டுமுட்டு அறையாகவும் கிடந்து அழிந்தன. தப்பியவை யாவை? விலை ஏறும் என்று எண்ணாமலே, ‘அப்பா எங்களை ஏரிக்கு அழைத்துச் சென்ற வண்டி’ என்னும் ஒரே காரணத்திற்காக ஆண்டுதோறும் கசிவை அடைத்தவர் கையில் இருந்தவையே. விண்டேஜ் என்று பின்னாளில் உலகம் சூட்டும் பட்டம், அக்கைகள் கூலியின்றிச் செய்த பணிக்குக் காலம் கடந்து வரும் நன்றியே ஆகும்.

இன்றிரவு நீர் ஊற்றுவார் யார்?

புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் இன்று அந்த நடு ஆண்டுகளில்தான் இருக்கின்றன. முதலில் வந்தவர்க்கு ஊர் நினைவே காவலாய் இருந்தது. நாளை வருவோர் ஒருவேளை ஆவலுடன் வேர்களைத் தேடக்கூடும். இடையில் நிற்கும் தலைமுறைக்கோ, வீட்டில் பேசும் தமிழ் பெருமையும் அன்று, பயனும் அன்று. சில வேளை கூச்சமாகவும் இருக்கிறது. பொங்கல் விழா மேடையில் ஒரு நாள் வேட்டி உடுத்து, கும்மி அடித்து, மறுநாள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அணிவகுப்புக்கு மட்டும் ஓட உரிமை பெற்ற கார் போல! முன்னர் நாம் குறித்த துயரம் இதுவே. காட்சிக்கு மட்டும் உரிய பழமை அழகியதுதான். ஆனால் அதனுள் எவரும் உறங்குவதில்லை.

நம் பிள்ளைகளின் தமிழில் இந்தி கலந்திருக்கிறது. நம் சாம்பாரில் ஊர் மணம் சற்று மாறியிருக்கிறது. இதற்கு நாணவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா. மழை நனைத்த தரையைத்தான் மாற்றியிருக்கிறோம். ‘அப்படியே காத்து வந்தோம்’ என்று பிள்ளைகளிடம் பொய் உரைப்பதைவிட, ‘இதனை இழந்தோம், இதனை மாற்றினோம், இதனை விடாமல் பிடித்துக்கொண்டோம்’ என்று கணக்குக் காட்டுவது மேல். அக்கணக்கை அறிந்த பிள்ளையே அடுத்த கசிவை அடைக்கக் கற்பான்.

மிஞ்சிய சோறெல்லாம் பழையது ஆவதில்லை. இரவில் எல்லாரும் உறங்கச் சென்ற பின், ஒருவர் மட்டும் அடுக்களையில் நின்று அதில் நீர் ஊற்றி மூடி வைத்தல் வேண்டும். ஊற்றாவிடின் விடியுமுன் அது ஊசிப்போகும். காலையில் உண்டு மகிழ்பவர் அக்கையை நினைப்பதில்லை. அக்கையும் அதனை எதிர்பார்ப்பதில்லை. நம் வீடுகளில் இன்றிரவு அந்த நீரை ஊற்றப்போகிறவர் யார் என்பதே, நாம் ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.